நின்ற சைக்கிளிலிருந்து விழுவது எப்படி?

பத்தமடையில் ஒரு டீக்கடை முன்னால் நான் விழுந்தேன். வேகமாகப் போய் விழவில்லை. டீ குடிக்கலாமே என்று பிரேக் பிடித்து, வண்டி முழுசாக நின்ற பிறகு விழுந்தேன். பாளையங்கோட்டையில் கிளம்பி முன்னீர்ப்பள்ளம், தருவை வழியாகப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் ஒழுங்காக ஓட்டி வந்தவன், நின்ற இடத்தில் வெட்டிய வாழைபோல இடப்பக்கம் சாய்ந்தேன். கிளாஸ் அலசும் வாளி என்னோடு சேர்ந்து கவிழ்ந்தது. டீ மாஸ்டர், “அண்ணாச்சி, காலு மாட்டிக்கிட்டோ?” என்று ஓடி வந்தார். பெஞ்சில் இருந்த பெரியவர் எழுந்திருக்கக்கூட இல்லை. “நிக்க வண்டியில இருந்து விழுத ஆள இப்பத்தான் தம்பி பாக்கேன்” என்றார்.

நான் போட்டிருந்தது கிளிப்லெஸ் பெடல், ஷூவின் அடியைக் கொக்கியால் பிடித்துவைக்கிற வகை. அதைப் போட்டவர்களில் பெரும்பாலோர் ஒருமுறையாவது இப்படி விழுந்திருப்பார்கள். அதைப் பற்றிய பேச்சுதான் கன்னாபின்னாவென்று இருக்கிறது. “காலைப் பூட்டிக்கொண்டு ஓட்டினால் விழாமல் என்ன செய்யும்” என்பார்கள் சிலர். “வேகத்தில் விழுந்தால் கால் மாட்டி முறிந்துவிடும்” என்று பயமுறுத்துவார்கள் வேறு சிலர். பெடல் காலைப் பூட்டுவதில்லை. இந்த விழுகைக்கும் வேகத்துக்கும் சம்பந்தமும் இல்லை. வண்டி நின்றதுதான் காரணம். எப்படி என்று பார்ப்போம்.

பெயரில் ஒரு குழப்பம்

முதலில் அந்தப் பெயர். கிளிப்லெஸ் என்றால் கிளிப் இல்லாதது. ஆனால் ஓட்டுகிறவர்கள் “கிளிப் பண்ணு” என்றுதான் சொல்கிறார்கள். புதிதாக வருகிறவருக்குத் தலை சுற்றும்.

பழைய பந்தய சைக்கிள்களில் பெடலின் முன்பக்கம் ஒரு கம்பிக் கூடு இருக்கும். ஷூவின் முனையை அதற்குள் நுழைத்து, தோல் வாரால் இறுக்கிக்கொள்வார்கள். அந்தக் கூட்டுக்குப் பெயர் டோ கிளிப். இறங்கவேண்டுமென்றால் குனிந்து கையால் வாரைத் தளர்த்தவேண்டும். 1984இல் பிரான்சின் லுக் நிறுவனம், பனிச்சறுக்குக் காலணியைப் பலகையோடு பிணைக்கும் பொறியைப் பெடலுக்குக் கொண்டுவந்தது. கூடும் வாரும் தேவையில்லாமல் போயின. அடுத்த வருஷமே பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ அந்தப் பெடலோடு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றார். 1990இல் ஜப்பானின் ஷிமானோ தன் எஸ்.பி.டி. பெடலைக் கொண்டுவந்தது. இன்று நம் பக்கத்தில் புதிதாகப் போடுகிறவர்கள் பெரும்பாலும் அந்த வகையில்தான் தொடங்குகிறார்கள். கம்பிக் கூடு ஒழிந்ததால் வந்த பெயர்தான் கிளிப்லெஸ். அவ்வளவுதான் விஷயம்.

இழுத்தால் வராது, திருகினால் வரும்

பழைய குண்டு பல்பை ஹோல்டரிலிருந்து கழற்றியிருக்கிறீர்களா? இரண்டு பக்கமும் சின்ன ஊசி வைத்த பல்பு. அதைக் கீழே இழுத்துப் பாருங்கள், வராது. இன்னும் பலமாக இழுத்தால் ஹோல்டர்தான் கையோடு வரும். லேசாக அழுத்தித் திருகினால் சுளுவாக வந்துவிடும். பல்பைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று யாரும் சொல்வதில்லை. அது வெளியே வர ஒரே ஒரு வழி இருக்கிறது, அந்த வழி தெரிந்தால் போதும்.

இந்தப் பெடலும் அதே கதைதான். ஷூவின் அடியில் திருகாணி போட்டு ஒரு சிறு துண்டைப் பதித்திருப்பார்கள். அதற்குப் பெயர் கிளீட். பெடலில் முன்னால் அசையாத ஒரு கொக்கி, பின்னால் ஸ்பிரிங் வைத்த இன்னொரு கொக்கி. கிளீட்டின் மூக்கை முன்கொக்கியில் நுழைத்துக் குதிகாலோடு சேர்த்து மிதித்தால், பின்கொக்கி விலகி இடம்கொடுத்து டக்கென்று மூடிக்கொள்ளும். சாத்தினால் தானே விழுந்துகொள்ளும் ஸ்பிரிங் தாழ்ப்பாள் மாதிரி.

வெளியே எடுக்கக் குதிகாலை வண்டியை விட்டு வெளிப்பக்கமாகத் திருப்பவேண்டும். அப்போது கிளீட்டின் ஓரம் பின்கொக்கியை நெம்பித் திறக்கிறது. காலை நேராக மேலே தூக்கினால் கொக்கியின் உதடு அதைப் பிடித்து நிறுத்தும். பெடலின் வேலையே அதுதான். மேடுபள்ளத்தில் கால் வழுக்கி எகிறாமல் இருக்கவேண்டுமே.

இன்னும் இரண்டு சொற்கள் தெரிந்தால் போதும். குதிகாலைத் திருப்பத் தொடங்கியதுமே பெடல் திறந்துவிடாது, கொஞ்சம் சும்மா ஆடவிடும். அந்த ஆட்டத்துக்கு ஃப்ளோட் என்று பெயர். அது முழங்காலுக்கு நல்லது. ஆனால் பழகாதவருக்கு அதுவே ஏமாற்று. லேசாகத் திருப்பிப் பார்த்துவிட்டு “மாட்டிக்கொண்டது” என்று பதறிவிடுவார். ஆட்டம் முடிந்த பிறகு ஓர் எதிர்ப்பு வரும், அதையும் தாண்டித் திருப்பினால்தான் திறக்கும். அந்த எதிர்ப்பு எவ்வளவு இறுக்கம் என்பதுதான் டென்ஷன். பெடலிலேயே ஒரு திருகாணி இருக்கும், அதைக் கூட்டிக் குறைக்கலாம்.

நமக்குத் தொல்லை தருவது நம் பழக்கம்தான். குரங்குப் பெடல் அடித்த காலத்திலிருந்து வண்டி சாய்ந்தால் காலைப் படக்கென்று பக்கவாட்டில் தூக்கி ஊன்றியே வந்திருக்கிறோம். முப்பது நாற்பது வருஷப் பழக்கம். பயம் வந்தால் உடம்பு அதைத்தான் செய்யும், அதையே இன்னும் பலமாகச் செய்யும். பல்பை இழுக்கிற கதைதான்.

வேகத்தில் விழும்போது பெரும்பாலும் கால் மாட்டிக்கொள்வதில்லை என்பதற்கும் இதுவே காரணம். உருண்டு விழுகையில் வண்டி ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் திரும்பும். அந்தத் திருப்பலே கிளீட்டைத் திறந்துவிடும். அப்படி விழுந்தவர்களைக் கேட்டால் கால் எப்போது கழன்றது என்றே தெரியவில்லை என்பார்கள். நின்ற இடத்தில் சாயும்போதோ உடம்பும் வண்டியும் ஒரே கட்டையாகச் சாய்கின்றன. திருப்பல் எதுவும் இல்லை. அதனால்தான் கழலவில்லை.

இதுவரை பார்த்தது: பெடல் திருகலுக்குத் திறக்கும், இழுப்புக்குத் திறக்காது. பதற்றத்தில் நாம் இழுக்கிறோம். சரி, பதறும்படி வண்டி ஏன் சாய்கிறது?

உள்ளங்கையில் விளக்குமாறு

சின்ன வயதில் விளக்குமாற்றுக் கட்டையை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்தி விளையாடியிருப்போம். கட்டை இடப்பக்கம் சாய்ந்தால் கையையும் இடப்பக்கம் கொண்டுபோக வேண்டும். சாய்கிற பக்கம் அடியை நகர்த்தினால் கட்டை நிமிர்ந்துவிடும். கையை ஆட்டாமல் வைத்தால் எவ்வளவு கெட்டிக்காரன் நிறுத்தினாலும் விழும்.

ஓடுகிற சைக்கிளும் அப்படித்தான் நிற்கிறது. இடப்பக்கம் சாய்ந்தால் ஹேண்டில் கொஞ்சம் இடப்பக்கம் திரும்புகிறது. சக்கரங்கள் சாய்கிற உடம்புக்கு அடியில் போய்ச் சேர்கின்றன. நாம் அறியாமலே நிமிஷத்துக்குப் பல தடவை இதைச் செய்கிறோம். மழை விட்ட ஈர ரோட்டில் உங்கள் டயர் தடத்தைத் திரும்பிப் பாருங்கள், நேர்கோடாக இருக்காது. பாம்பு போன தடம் மாதிரி லேசாக வளைந்து வளைந்து போயிருக்கும்.

இதில் பள்ளிக்கூடத்திலிருந்தே ஒட்டிக்கொண்ட ஒரு தப்பும் உண்டு. “சக்கரம் பம்பரம் மாதிரி சுற்றுவதால்தான் சைக்கிள் விழுவதில்லை” என்பது. பம்பர விளைவு கொஞ்சம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் அது இல்லாமலும் முடியும். அமெரிக்காவின் கார்னெல், நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் எதிர்ப்பக்கம் சுற்றும் சக்கரங்களைச் சேர்த்து அந்த விளைவை ரத்து செய்த ஒரு வண்டியைச் செய்தார்கள். ஆள் ஏறாமல் தள்ளிவிட்டபோதும் அது தானே சமாளித்து நிமிர்ந்து ஓடியது. 2011இல் சயின்ஸ் இதழில் அதை வெளியிட்டார்கள். நம் கதைக்கு வேண்டியது இவ்வளவுதான்: நிமிர்த்துவது திசைதிருப்பல், திசைதிருப்பல் பலிக்க வண்டி உருளவேண்டும்.

நின்ற வண்டியில் ஹேண்டிலை எவ்வளவு திருப்பினாலும் சக்கரம் நகர்ந்து அடியில் வராது. கை ஆடாத விளக்குமாறு அது.

ஒரு நொடிக் கணக்கு

அப்படியென்றால் எவ்வளவு நேரம் இருக்கிறது? பார்க்கிறவர்களுக்கு “இவ்வளவு மெதுவாகத்தானே சாய்கிறான், காலை எடுத்தால் என்ன” என்று தோன்றும். அந்தப் பெரியவருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

நின்ற வண்டி சாய்வது கூட்டு வட்டி மாதிரி. சாய்வு கூடக் கூடச் சாய்கிற வேகமும் கூடும். ஆளும் வண்டியும் சேர்ந்த எடையின் நடுப்புள்ளி தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும் என்று வைத்தால், சாய்வு பிடித்துக்கொண்டபின் ஒவ்வொரு மூன்றில் ஒரு நொடிக்கும் அது இரண்டரை, மூன்று மடங்காகும். 1 டிகிரி 3 ஆகும், 3 டிகிரி 8 ஆகும், 8 டிகிரி 20ஐத் தாண்டும். மொத்தம் ஒரு நொடி. முதல் பாதியில் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். இரண்டாம் பாதியில் எல்லாம் முடிந்துவிடும்.

அந்த ஒரு நொடியை எப்படிச் செலவழிக்கிறோம் பாருங்கள். சாய்கிறோம் என்று உறைக்கவே கால் நொடிக்குக் குறையாது. அப்புறம் பழக்கப்படி காலை மேலே இழுக்கிறோம், வரவில்லை. ‘ஐயோ, திருகணும்ல’ என்று ஞாபகம் வருவதற்குள் 15 டிகிரி தாண்டியிருக்கும். அதற்குமேல் கால் கழன்றாலும் பிரயோஜனம் குறைவு. ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்றால், 20 டிகிரிச் சாய்வில் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அதாவது 27 கிலோ அளவு, கவிழ்க்கும் பக்கம் தள்ளுகிறது. ஒற்றைக் காலை அவசரமாக ஊன்றி அதைத் தாங்குவது லேசில்லை.

ஆக, அந்த நொடிக்குள் காலை வேகமாக எடுக்கப் பயிற்சி செய்வது வீண்வேலை. அந்த நொடி தொடங்கும் முன்பே கால் வெளியே இருக்கவேண்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

இடமா வலமா

பத்தமடையில் நான் காலை எடுக்காமல் இல்லை. வலது காலை ஒழுங்காக, முன்கூட்டியே எடுத்துவிட்டேன். விழுந்தது இடப்பக்கம். புதிதாகப் பழகுகிறவர்கள் இந்த இரண்டாவது தப்பில் முதல் தப்பைவிட அதிகமாக விழுகிறார்கள் என்பது என் எண்ணம். காலை எடுத்த திருப்தியில் மனசு அயர்ந்துவிடுகிறது.

நம் ரோடு நடுவில் உயர்ந்து இரண்டு ஓரமும் சரிந்திருக்கும், மழைத்தண்ணீர் வடிவதற்காக. இடப்பக்கம் ஓட்டுகிற நமக்கு எப்போதும் சரிவு இடப்பக்கம்தான். தார் முடிகிற இடத்தில் பல ஊர்களில் சாண் பள்ளம் வேறு. கடையும் இடப்பக்கம், ஒதுங்குவதும் இடப்பக்கம், கண் போவதும் இடப்பக்கம். கண் போகிற பக்கம் உடம்பு போகும். அதனால் நம் ஊரில் எடுக்கவேண்டிய கால் இடது கால். எப்போதும் அதே கால்தான் என்று பழக்கிவிட்டால் யோசிக்க வேண்டியிருக்காது. இடது கால் ஊன்றுவதில் இன்னொரு லாபமும் உண்டு. செயினும் கியர் மாற்றும் சாமானும் வலப்பக்கம் இருப்பதால் கிரீஸ் கெண்டைக்காலில் ஒட்டாது.

அப்படியும் எடுக்காத பக்கம் சாயாமல் இருக்க ஒரு சின்ன வித்தை உண்டு. நிற்கப்போகிற கடைசி ஒரு முழத் தூரத்தில், வண்டி இன்னும் ஊர்ந்துகொண்டிருக்கும்போதே, ஹேண்டிலை வலப்பக்கம் இம்மியளவு திருப்புங்கள். சக்கரம் வலப்பக்கம் நழுவ, உடம்பு இடப்பக்கம் சாயும், காத்திருக்கும் இடது காலில் எடை இறங்கும். விளக்குமாற்றுக் கணக்கையே தலைகீழாகப் போட்ட மாதிரி.

சுருக்கமாக: சைக்கிள் உருளும்போது ஹேண்டில் அதை நிமிர்த்துகிறது. நின்றபின் நமக்கு ஒரு நொடிதான். கால் முன்பே வெளியே வரவேண்டும், அதுவும் சாயப்போகிற பக்கத்துக் கால்.

முதலில் கால், அப்புறம் பிரேக்

டவுன் பஸ்ஸில் அடுத்த ஸ்டாப்பில் இறங்குகிறவர் என்ன செய்கிறார்? பஸ் நிற்கும்வரை சீட்டில் உட்கார்ந்திருப்பதில்லை. முன்பே எழுந்து படிக்கட்டுப் பக்கம் வந்துவிடுகிறார். அதே மாதிரி, நிற்கவேண்டிய இடத்துக்கு இருபது முப்பது மீட்டர் முன்பே இடது காலைக் கழற்றிப் பெடல்மேல் சும்மா வைத்துக்கொள்ளுங்கள். நிற்காமல் போக நேர்ந்தால் திரும்பவும் மாட்டிக்கொள்ளலாம், நஷ்டமில்லை. வண்ணார்பேட்டை மாதிரி நெரிசலில் ஒரு காலைக் கழற்றியே ஓட்டினாலும் தப்பில்லை.

பெடல் கீழே இருக்கும்போது திருப்புவதுதான் சுலபம், கால் நீண்டிருப்பதால் குதிகால் தாராளமாகப் போகும். பாதத்தைத் தூக்காமல் குதிகாலை மட்டும் வெளியே தள்ளுங்கள், பீடியைக் காலில் போட்டு நசுக்குகிற மாதிரி.

பழகுவதற்குத் திண்ணையைப் போல நல்ல இடம் இல்லை. திண்ணைத் தூணையோ சுவரையோ பிடித்துக்கொண்டு, வண்டியில் உட்கார்ந்து, மாட்டவும் கழற்றவும் ஐம்பது தடவை செய்யுங்கள். ஒவ்வொரு காலுக்கும். அப்புறம் ஆள் நடமாட்டமில்லாத மைதானத்தில் புல்தரையாகப் பார்த்து, பத்தடிக்கு ஒருதரம் நின்று நின்று ஓட்டுங்கள். பிசானம் அறுத்த வயலில் பழகலாமே என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். அறுத்த தாள்மேல் அவர் விழுந்து பார்த்ததில்லை என்பது தெரிந்தது.

இவ்வளவு செய்தும் திடீரென்று நிற்கவேண்டி வரும் இடங்களில்தான் மாட்டுவோம். ரோட்டுக்குக் குறுக்கே வரும் ஆட்டுக்கூட்டம் ஒன்று. முதல் ஆடு தாண்டியதும் போய்விடலாம் என்று நினைப்போம், பின்னாலேயே நாற்பது வரும். இன்னொன்று ஏற்றம். கனமான கியரில் ஏறத் தொடங்கி, பாதியில் கால் ஓய்ந்து, வண்டி அப்படியே நின்றுவிடும். கழற்றக் காலைத் திருப்பவேண்டும், ஆனால் அந்தக் கால் முழு பலத்தோடு மிதித்துக்கொண்டிருக்கிறது. ஏற்றம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். மூச்சு முட்டுகிறதென்றால் கௌரவம் பார்க்காமல் முன்பே இறங்கிவிடுங்கள். ஆடிக் காற்றில் வள்ளியூர், பணகுடிப் பக்கம் ஓட்டுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. பக்கக் காற்று பலமாக இருக்கும்போது வேகம் குறைத்தால் வண்டி இன்னும் தள்ளாடும். அங்கே நிற்பதாக இருந்தால் இன்னும் முன்பே காலை எடுங்கள்.

திருகியும் வராவிட்டால்

எப்போதாவது சரியாகத் திருகியும் கழலாமல் போகும். அப்போது தப்பு ஷூவிலோ பெடலிலோ இருக்கிறது.

மோசமானது, கிளீட்டைப் பிடிக்கும் திருகாணி கழன்று விழுவது. எஸ்.பி.டி. வகைக்கு இரண்டே திருகாணி. ஒன்று விழுந்துவிட்டால் கிளீட் பெடலிலேயே நிற்க, ஷூ மட்டும் அதன்மேல் சுழலும். எவ்வளவு திருப்பினாலும் திறக்காது. நடுவழியில் இப்படி ஆனால் ஷூவின் பட்டையைத் தளர்த்தி, காலை ஷூவிலிருந்தே உருவிக்கொள்வதுதான் வழி, அதையும் வண்டி ஓடும்போதே செய்துவிடவேண்டும். திருகாணிக்கு ஒரு பொட்டு கிரீஸ் வைத்து முறுக்கி, மாதம் ஒருமுறை தொட்டுப் பார்த்தால் இந்தக் கஷ்டமே வராது.

அடுத்தது மண். சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் மழையில் நனைந்தால் கிளீட்டில் அப்பிக்கொள்ளும். மாட்டவும் முடியாது, கழற்றவும் முடியாது. ஷூவைத் தரையில் தட்டிவிட்டு ஏறுங்கள், குச்சியால் சுரண்டினாலும் சரி.

டென்ஷன் திருகாணியைப் புதியவர்கள் மிகக் குறைந்த அளவில் வைப்பது நல்லது. பல பெடல்களில் 3 மி.மீ. ஆலன் சாவி போதும். இரண்டு பெடலிலும், இருபக்கப் பெடலாக இருந்தால் இரண்டு பக்கமும், ஒரே அளவாக வையுங்கள். எஸ்.பி.டி.யில் எஸ்.ஹெச். 56 என்றொரு கிளீட் கிடைக்கிறது. அது பக்கவாட்டுத் திருகலுக்கு மட்டுமல்லாமல் வேறு சில கோணங்களில் இழுத்தாலும் விட்டுவிடும். பந்தயம் ஓடாதவருக்கு, முதல் வருஷத்துக்கு, நான் அதையே சொல்வேன். மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கப் போவதற்கோ சாதாரணத் தட்டைப் பெடலே போதும்.

விழுந்தே விட்டால்

சாய்வது உறுதியாகிவிட்டால் கையை நீட்டாதீர்கள். சொல்வது சுலபம், தெரியும். ஆனாலும் ஹேண்டிலை விடாமல் பிடித்துக்கொண்டால் இடுப்புச் சதையும் தோள்பட்டையும் அடியைப் பங்குபோட்டுக்கொள்ளும். முழங்கை சிராய்க்கும், அவ்வளவே. நீட்டிய உள்ளங்கையில் மொத்த எடையும் இறங்கினால் மணிக்கட்டு எலும்போ காறை எலும்போ முறிய வாய்ப்பு உண்டு.

விழுந்து எழுந்தபின் கட்டைவிரலை விறைப்பாக விரித்துப் பாருங்கள். அதன் அடியில், மணிக்கட்டுப் பக்கம், ஒரு சின்னக் குழி விழும். அங்கே அழுத்தினால் வலி தெறிக்கிறதென்றால் எண்ணெய் போட்டு நீவ யாரிடமும் கையைக் கொடுக்காதீர்கள். நேரே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கோ உங்களுக்குத் தெரிந்த எலும்பு மருத்துவரிடமோ போய் எக்ஸ்ரே எடுங்கள். அந்த இடத்தில் இருப்பது ரத்த ஓட்டம் குறைந்த ஒரு சிற்றெலும்பு. அதன் கீறல் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னால் தட்டிக்கழிக்காமல் போங்கள்.

அப்புறம் வண்டி. வலப்பக்கம் விழுந்திருந்தால் பின்சக்கரத்தின் கியர் மாற்றியைப் பின்னால் நின்று பாருங்கள். அது தொங்கும் சின்ன அலுமினியத் துண்டு உள்பக்கம் வளைந்திருக்கலாம். அது தெரியாமல் ஏறி, லேசான கியருக்கு மாற்றினால் மாற்றி ஆரக்கம்பிக்குள் போய்ச் சிக்கும். வளைந்திருந்தால் அந்தக் கடைசிக் கியரைத் தொடாமல் மெல்ல ஓட்டி வந்து, மெக்கானிக்கிடம் நிமிர்த்தக் கொடுங்கள். நான் விழுந்தது இடப்பக்கம் என்பதால் அன்று அது தப்பித்தது. வாளித் தண்ணீரில் நனைந்த ஷூவோடு, அந்த டீயைக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.